உன் அத்தான் வைரலான கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், நம் பழைய கார் மூவரும் பெரிய ரிப்பேர் எதுவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அதேபோல் அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் பஞ்சர் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே என் ஆசை. போனில் கூப்பிடாமல் காகிதத்தில் எழுதுகிறாளே, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. பதறினால் கால் தப்பான பெடலுக்குப் போகும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! போனை இப்போது என்னால் தொட முடியவில்லை, அவ்வளவுதான். தொட்டால் துள்ளுகிறது. மேஜையில் வைத்தால் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய்விடுகிறது. துவைக்கிற துணிக் கூடைக்குள் போட்டு மேலே ஒரு போர்வையை வைத்து அமுக்கியிருக்கிறேன், அப்போதும் உள்ளே உர் உர் என்கிறது. காரணம் என்ன தெரியுமா? நாம் வைரலாகிவிட்டோம் தம்பி! உன் அக்காவின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, ஒரே ஒரு கார், ஒரே ஒரு ஆசிரியை, ஒரே ஒரு தகரப் பலகை உள்ள பள்ளி, வைரல்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உனக்கு உடனே சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு பள்ளி வந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அங்கே ரோட்டில் ஓட்டுவதற்கு முன்னால் பெரிய திரை முன்னால் உட்கார்த்திப் பொய் ஸ்டியரிங்கில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். மோதினால் திரைதான் சிவப்பாகும், வேறொன்றும் ஆகாது. இடித்தால் ஒன்றும் ஆகாது என்று பழக்கினால் கற்றுக்கொள்கிறவன் நாளைக்கு நிஜ ரோட்டில் என்ன செய்வான், நீயே சொல். ஆனால் குளுகுளு அறை, உட்கார சோபா, குடிக்கக் காபி என்றதும் ஜனம் அங்கே திரும்பிவிட்டது, இண்டிகேட்டர்கூடப் போடாமல். எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு மாணவி, நம் தெருமுனைப் பல் டாக்டரம்மா. அவரும் ஏன் மிஞ்சினார் என்றால், மற்ற பள்ளிகள் எல்லாம் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நான் காலையில் பள்ளியைத் திறந்து, காரைத் துடைத்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த சமயம் பார்த்து எதிர்ப் பள்ளி முதலாளி, எந்த வெயிலிலும் டையைக் கழற்றாத மனுஷர், நாங்கள் டைக்காரர் என்றுதான் சொல்வோம், ஒரு பூச்செண்டோடு வந்தார். “மேடம், உங்க அனுபவம் வீணாகக் கூடாது. பள்ளியை மூடிட்டு எங்ககிட்ட வந்துடுங்க. வரவேற்பு மேஜையில ராணி மாதிரி உட்காரலாம். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க” என்றார். வரவேற்பு மேஜை! மேஜைக்கு பிரேக் உண்டா, கியர் உண்டா? ரோட்டில் ஓடி ஓடியே வாழ்ந்தவள் நான். என்னை ஓரமாகப் பார்க் பண்ணி உறை போட்டு மூடிவிடப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் அழுதேன் தம்பி, இதை உன் மனைவியிடம் சொல்லாதே.

அப்போதுதான் உனக்கு போன் பண்ணினேன். நீ விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெருமையெல்லாம் குரலில் தெரிய, “அக்கா, கவலைய விடு. வீடியோ போடு. வைரலானா ஆள் தானா வரும்” என்று சொல்லி, எப்படிப் போட வேண்டும் என்று நீளமாக ஒரு குரல் பதிவு அனுப்பினாயே, அதை நானும் உன் அத்தானும் காரில் போட்டுக் கேட்டோம். கேட்கும்போதே எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. உன் அத்தான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவர் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அந்த நூலகம் இன்னும் அவருக்குள்ளிருந்து ஓய்வு பெறவில்லை என்பது உனக்குத் தெரியாது. வாழ்க்கை முழுக்க ‘சத்தம் போடாதீர்கள்’ பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர். தும்மல் வந்தாலும் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே தும்முவார், காது மட்டும் அசையும். சுவரில் ஆணி அடிக்கும்போது சுத்தியல் விரலில் விழுந்தால்கூட வாயை ஆவென்று திறப்பார், சத்தம் வராது. அவரைத்தான் நான் கேமராமேன் ஆக்கினேன். வேறு யார் இருக்கிறார்கள்? பின்சீட்டில் உட்கார்ந்து போனைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் காரில் அவருக்குப் பின்சீட்தான். படிக்க வசதி என்பார்.

“முதல் மூணு செகண்டுல பார்க்கிறவனைப் பிடிச்சு நிறுத்தணும்க்கா, இல்லேன்னா தள்ளிட்டுப் போயிடுவான்” என்று நீ சொன்னாய் அல்லவா? பிடித்து நிறுத்துவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் பக்கத்தில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறதே, மாணவர்கள் கோட்டை விட்டால் நான் மிதிப்பதற்கு, அதை வீடியோ தொடங்கியதும் ஓங்கி மிதித்தேன். நிறுத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. காரும் நின்றது, பல் டாக்டரம்மாவின் மூச்சும் நின்றது, போன் உன் அத்தான் கையிலிருந்து பறந்து சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. பாடம் முடியும்வரை அது கீழே கிடந்த ரப்பர் விரிப்பையே படம் பிடித்திருக்கிறது. நீதான் “இயல்பா இருக்கணும், ரொம்ப அலங்காரம் பண்ணாதே” என்றாயே என்று அதையே போட்டேன். பார்த்தது நீயும், உன் மனைவியும், யாரோ ஒருவரும். அந்த ஒருவர் கேட்டார், “இந்த விரிப்பு எங்கே கிடைக்கும்?” நான் கடையின் விலாசத்தைக் கொடுத்தேன். ஒரு கமெண்டையும் பதில் சொல்லாமல் விடாதே என்று நீ சொல்லியிருந்தாய்.

அடுத்தது நேரம். “ஜனங்க போனும் கையுமா இருக்கிற நேரமா பார்த்துப் போடணும், சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புற நேரம்தான் தங்கமான நேரம்” என்றாய். இதை நீ ஒரு ஓட்டுநர் ஆசிரியையிடம் சொன்னாய் என்பதை யோசித்தாயா? சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறவன் எங்கே இருப்பான்? ரோட்டில் இருப்பான். சிக்னலில் நின்று போனைப் பார்ப்பான். பச்சை விழுந்தது தெரியாது. பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், இவன் பதறிக் கிளட்சை விடுவான், முன்னால் போகிறவன் மேல் ஏற்றுவான். எதனால்? நான் போட்ட வீடியோவால்! அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு வீடியோவுக்கு மேலேயும் கொட்டை எழுத்தில் எழுதினேன்: ‘நீங்கள் வண்டியில் இருந்தால் இதைப் பார்க்காதீர்கள். தள்ளி விடுங்கள்.’ தள்ளி விட்டார்கள் தம்பி. அத்தனை பேரும் அப்படியே தள்ளி விட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஜனம் இன்னும் உலகத்தில் இருக்கிறது என்று ஒரு பக்கம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தப்பித் தவறி ஒருத்தர் பார்த்துவிட்டு ‘செம’ என்று எழுதினார். எனக்கு உடனே சந்தேகம். “எங்கிருந்து பார்க்கிறீர்கள்? இப்போது ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை, குளித்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். “அப்படியானால் சரி, தரை வழுக்கும், மெதுவாக வெளியே வாருங்கள்” என்று எழுதினேன். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. இன்னொருத்தர் கட்டை விரல் படம் மட்டும் போட்டார். ஏறுவதற்கு வண்டி கேட்கிறாரோ என்று எண்ணி, எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பிறகு உன் பெரிய மகள்தான் அது பாராட்டு என்று விளக்கினாள். அந்த வயசில் அவளுக்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்லை, சொல்லிவிட்டேன்.

பேர் பெற்றவர்களோடு சேர்ந்து வீடியோ போட வேண்டும் என்று நீ சொன்னதையும் விடவில்லை. நம் கடைத்தெருவில் சாப்பிட்டுச் சாப்பிட்டே பேர் வாங்கிய ஒருத்தர் இருக்கிறார், பேக்கரி பேக்கரியாகப் போய் பன்னைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆஹா’ என்பார், அதைப் பார்க்க ஒரு பெருங்கூட்டம். அவரைக் கூப்பிட்டேன். வந்தார். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். பையிலிருந்து கிரீம் பன்னை எடுத்தார். “சீட் பெல்ட்டு” என்றேன். “ஒரு கடி கடிச்சிட்டுப் போட்டுக்கிறேன் மேடம், வெளிச்சம் நல்லா இருக்கு” என்றார். என் காரில் ஓட்டுகிறவர் கையில் ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. பன்னைப் பிடுங்கி டாஷ்போர்டு அறைக்குள் வைத்துப் பூட்டினேன். அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் போட்ட வீடியோவில் நம் பள்ளி இல்லை, நான் இல்லை, கார்கூட இல்லை. ‘ஒரு பன்னின் கடைசி நிமிடங்கள்’ என்று பன்னை மட்டும் காட்டியிருந்தார். அதை ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள்.

இப்படியே மாசக் கடைசி நெருங்கிவிட்டது. டைக்காரர் காலையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கையசைப்பார். நானும் அசைப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு. வீட்டில் இருக்கிற ஒரே நல்ல சேலையை எடுத்து, வரவேற்பு மேஜைக்கு இது சரியாக இருக்குமா என்றுகூட ஒரு நாள் கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள். உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு, சேலையை வாங்கி மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். சாய்ந்து உட்காராதே, நிமிர்ந்து உட்கார்! அன்றைக்குப் பல் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸில் பார்க் பண்ணும் பாடம். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல்லைத் தோண்டுகிற மெஷினுக்குக் கீழே காலால் மிதிக்கிற பெடல் ஒன்று உண்டல்லவா, அதை இத்தனை வருஷம் விட்டு விட்டு மிதித்து மிதித்து அவர் கால் அப்படியே பழகிவிட்டது. ஆக்சிலரேட்டரையும் அப்படித்தான் மிதிப்பார். உர்ர்... உர்... உர்ர்ர். கார் பல் வலிக்காரன் மாதிரி துள்ளித் துள்ளிப் போகும். நான் எதற்கும் அசர மாட்டேன். இரண்டு பக்கமும் கார் நிற்க, நடுவில் இருக்கிற இடத்தில் பின்னால் நுழைக்க வேண்டும். ‘பதற்றமே இல்லாமல் பார்க்கிங் செய்வது எப்படி’ என்று வீடியோவுக்குத் தலைப்பு முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். உன் அத்தானிடம் போனைக் கொடுத்து, “என்னங்க, இன்னிக்கு கீழ போடாம கெட்டியா பிடிங்க, டாக்டர் கையும் ஸ்டியரிங்கும் மட்டும் தெரிஞ்சா போதும்” என்றேன். தலையாட்டினார். கெட்டியாகத்தான் பிடித்திருக்கிறார் மனுஷர். பிடித்த பிடியில் கட்டை விரல் எங்கேயோ பட்டுக் கேமரா முன்பக்கம் திரும்பிவிட்டது! பாடம் முழுக்க அது அவர் முகத்தைத்தான் எடுத்திருக்கிறது, எங்கள் இரண்டு பேரின் குரலும் பின்னால் கேட்க. திரையிலேயே அவர் முகம்தானே தெரியும், பார்க்கவில்லையா என்று கேட்பாய். பார்க்க எங்கே கண்ணைத் திறந்தார்? திறந்த நேரமெல்லாம் முன்னால் மாட்டியிருக்கிற பின்பார்வைக் கண்ணாடியில் நெருங்கி வருகிற தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். பாடம் முடிந்ததும் எனக்கு டாக்டரம்மாவை ஆசுவாசப்படுத்துகிற வேலை. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று நீ வேறு கறாராகச் சொல்லியிருக்கிறாயே என்று, உன் அத்தானிடம் “நீங்களே போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவரும் திறந்துகூடப் பார்க்காமல் போட்டுவிட்டார்.

நான் குழம்பு வைக்கிற அடுப்பைக்கூட இன்னும் பற்ற வைக்கவில்லை, போன் துள்ள ஆரம்பித்துவிட்டது. முதலில் பல் டாக்டரம்மா கூப்பிட்டார். அவரால் பேச முடியவில்லை. “மேடம்... வீடியோ... உங்க வீட்டுக்காரர்...” என்று சொல்வதும் சிரிப்பதுமாக இருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து மருந்துக் கடைக்காரர், அவரும் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்தான், கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடி வந்தார். “அக்கா, ஊரே பார்க்குது! அண்ணன் எங்க? அண்ணன் கையை நான் குலுக்கணும்!” திறந்து பார்த்தேன். தம்பி, நான் என்னவென்று சொல்வேன்! ‘பதற்றமே இல்லாமல்’ என்று மேலே எழுத்து ஓடுகிறது, அதற்குக் கீழே உன் அத்தானின் முகம், பேயறைந்த மாதிரி. நான் “மெதுவா, மெதுவா” என்கிறேன், அவர் புருவம் மெதுவாக மேலே ஏறி முடிக்குள் போய் மறைகிறது. டாக்டரம்மா உர்ர் என்று ஒரு மிதி மிதிக்கிறார், உன் அத்தானின் கன்னம் இரண்டும் தனித்தனியாக ஆடுகிறது. நான் “கிளட்ச்... கிளட்ச்... டாக்டர், நான் சொன்னது கிளட்ச்!” என்கிறேன், பின்சீட்டில் உன் அத்தான் இல்லாத கிளட்சைத் தேடித் தன் காலால் மிதிக்கிறார், அது முகத்தில் தெரிகிறது. ஒரு இடத்தில் வாயை இத்தனை அகலத்துக்குத் திறந்து அலறுகிறார், சத்தம்தான் இல்லை! கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிறது. டாக்டரம்மா அதை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒரு பல்லில் சொத்தை இருக்கிறது, வரச் சொல்லுங்கள் என்று தனியாக எழுதியிருந்தார். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கேட்காதே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறிக்கொண்டே போகிறது, டாக்ஸி மீட்டர்கூட அந்த வேகத்தில் ஓடாது. அவருக்கு ஜனங்களே பேரும் வைத்துவிட்டார்கள்: பின்சீட்டு அங்கிள்.

மறுநாள் காலையில் பள்ளியைத் திறக்கப் போனால் வாசலில் வரிசை! நிஜ வரிசை, நிஜ மனிதர்கள்! மூக்குக் கண்ணாடிக் கடைப் பெண், வங்கி மேலாளர், ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்தாற்போல. எல்லோருக்கும் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், ஆனால் ஒரே நிபந்தனை, “அங்கிள் பின்னால உட்காருவாரா?” அங்கிள் உட்கார்ந்தார். உட்கார வைத்தேன். அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினால் மாணவர்களுக்கு பயமே போய்விடுகிறது தம்பி, பயப்படுகிற வேலையை அவர் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிடுகிறார் அல்லவா! இரண்டாவது வீடியோ, மூன்றாவது வீடியோ எல்லாமே ஓட்டம். மாசக் கடைசியில் டைக்காரர் பதில் கேட்டு வந்தார், இந்தத் தடவை பூச்செண்டு இல்லை. வரிசையைப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. “மன்னிச்சுக்கோங்க சார், எனக்கு உட்கார நேரமில்லை, வேணும்னா நீங்க வரிசையில நில்லுங்க” என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். இந்த வயதில் குதித்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும்.

ஒன்று மட்டும் உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுகிற அந்த வீடியோவைக் கடைசி வரை பார்த்தாயா? பார். டாக்டரம்மா ஒருவழியாகக் காரை இரண்டு காருக்கும் நடுவில் கச்சிதமாக நுழைத்துவிடுகிறார். நான் “இதுதான் டாக்டர், இதுக்குத்தான் இத்தனை பாடு, அருமையா போட்டீங்க” என்கிறேன். அப்போது உன் அத்தான் முகத்தைப் பார். பயமெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. என் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளையைப் பெற்றவர்கள் பார்ப்பார்களே அப்படிச் சிரிக்கிறார். என்னைப் பற்றிப் பெருமைப்படுகிறார் தம்பி! இத்தனை வருஷமாக அந்தப் பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன், பின்சீட்டில் இருக்கிற மனுஷரை ஒரு தடவை பார்த்திருப்பேனா? போனை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன். “ஏங்க, இவ்வளவு பயமா உங்களுக்கு? கல்யாணம் ஆன நாள்லேர்ந்தேவா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன். செய்தித்தாளைத் தாழ்த்தாமலே பதில் வந்தது: “சொன்னா, அப்புறம் நீ என்னை ஏத்திக்க மாட்டியே.” நான் சமையல் கட்டுக்குள் போய் அவருக்கு இன்னொரு காபி போட்டேன்.

ஆக, பள்ளி பிழைத்தது, என் தொழில் பிழைத்தது, உன் அத்தானைப் பற்றி எனக்கு ஒரு விஷயமும் தெரிந்தது. எல்லாம் நீ கொடுத்த யோசனையால் என்றுதான் சொல்ல வந்தேன், ஆனால் நினைத்துப் பார்த்தால் உன் யோசனை ஒன்றும் பலிக்கவில்லை, அவர் கட்டை விரல்தான் பலித்தது. இருந்தாலும் நன்றி. நீ நல்லா இருக்கணும், உன் கம்பெனி நல்லா இருக்கணும், பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகணும். உன் மனைவியிடம் என் அன்பைச் சொல். எல்லோரும் பின்சீட்டிலும் பெல்ட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் பச்சை விளக்காகவே உங்களுக்கு விழட்டும் என்று வாழ்த்துகிற

உன் அன்பு அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், கிழித்துத் திரும்ப எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் நம்பாதே. ‘பிழைத்தது’ என்று எழுதின இடத்தை அடித்துவிடு. இப்போதுதான் மருந்துக் கடைக்காரர் மறுபடியும் ஓடி வந்தார், இந்தத் தடவை முகம் தொங்கியிருந்தது. “அக்கா, இதைப் பார்த்தீங்களா?” என்று தன் போனை நீட்டினார். எதிர்ப் பள்ளியின் வீடியோ. தலைப்பு: ‘பின்சீட்டு அங்கிள் முன்சீட்டுக்கு வந்துவிட்டார்!’ பெரிய திரை முன்னால், பொய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர்! பக்கத்தில் டைக்காரர், வாயெல்லாம் பல். அதே முகம், அதே புருவம், அதே சத்தமில்லாத அலறல், என் வீடியோவைப் போல் இரண்டு மடங்கு ஜனம். பழைய நூலக சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தினமும் மத்தியானம் கிளம்பிப் போனாரே, இங்கேதான் போயிருக்கிறார்! ஓடிப் போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளி, “என்னங்க இது? வீட்டுல ஆசிரியை இருக்கும்போது இங்க என்ன வேலை?” என்று கேட்டேன். உன் அத்தான் எழுந்து நின்றார். “உன்கிட்ட கத்துக்கிட்டா உனக்குத் தெரிஞ்சுடுமே. ஒரு நாளாவது நீ பின்னால சும்மா உட்காரணும், ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கணும், நான் ஓட்டணும். சொல்லாம செய்யலாம்னு பார்த்தேன். படம் எடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார். நான் இதுவரை அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் கேட்டதிலேயே நீளமான பேச்சு இதுதான். என் வரிசையில் பாதிப் பேர் இப்போது எதிர்ச் சாரியில் நிற்கிறார்கள், நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே வரிசையில் நின்ற அந்த மாமியார் மருமகளை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டுகிறார். உன் அத்தானைத் திட்டலாம் என்றால் மனசு வரவில்லை. அவர்கள் சொல்லிக்கொடுக்கிற லட்சணத்தில் கண்ணாடியே பார்க்காமல் திரும்புகிறார், அதுதான் எனக்கு ஆறவில்லை. பரவ வைக்க வழி சொன்னவன் நீ, ஒரு வீடியோவைப் பரவாமல் நிறுத்த என்ன வழி என்று உடனே எழுது. என்னால் அதற்கு உதவ முடியாது. அந்த வீடியோவுக்கு நானே லைக் போட்டுவிட்டேன், எடுக்க மனசு வரவில்லை.